ஈசான்ய மூலையில் ஒரு நாற்காலி

உட்காருங்கள் தம்பி, அந்தச் சிவப்பு நாற்காலியில். சாவி என்னிடம்தான் இருக்கிறது. கீழ் வீட்டு ஓனர் என் ஒன்றுவிட்ட தம்பி. மஸ்கட்டில் இருக்கிறான். "அண்ணே, நீங்களே நல்ல ஆளாப் பாத்து வாடகைக்கு விட்ருங்க" என்று பொறுப்பை என் தலையில் வைத்திருக்கிறான். வீடு எங்கும் ஓடிவிடாது. முதலில் காபி குடியுங்கள். கோமதி, தம்பிக்கு ஒரு காபி!

கேட்டைத் தாண்டும்போதே வாட்ச்மேன் முனியாண்டி ஏதாவது சொல்லியிருப்பானே? 'மாடியில ஆவுடையப்பன் சார்னு ஒருத்தர் இருக்காரு, இந்த அபார்ட்மென்ட்டையே வெடிக்க வைக்கப் பாத்தவரு' என்று? சிரிக்கிறீர்கள். அப்படியானால் சொல்லியிருக்கிறான். நாங்கள் அவனுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

அந்த ஆவுடையப்பன் நான்தான். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சுபலக்ஷணா அபார்ட்மென்ட்ஸ் கட்டிய நாளிலிருந்து போன வருஷம் வரை நான்தான் சங்கத்தின் செயலாளர். இப்போது வேறொருவர் இருக்கிறார். மகா கெட்டிக்காரர். காலையில் ஆபீசுக்குப் போய், அங்கிருந்தபடியே அபார்ட்மென்ட்டை நிர்வாகம் செய்கிறார். அதனால் பகலில் நான்தான் இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே சம்மட்டிச் சத்தம் கேட்கிறதே, அதுவும் நான் வைத்த வேலைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வீடு ஏன் காலியாயிற்று என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் வாயால் கேளுங்கள். முனியாண்டி வாயால் கேட்டால் மூன்று பேர் செத்துக்கூடப் போயிருப்பார்கள்.

உங்களுக்கு வாஸ்து தெரியுமா? தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுதான் தெரியும்? வடகிழக்கு ஈசான்ய மூலை. ஈசனுடைய இடம், நீருடைய இடம். அது சுத்தமாக இருக்க வேண்டும். தென்கிழக்கு அக்னி மூலை, நெருப்பு அங்கேதான் இருக்க வேண்டும். வடமேற்கு வாயு மூலை. கழிவு, கிழிவு எல்லாம் அந்தப் பக்கம். இவ்வளவுதான். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாத ஒரு மகான்தான் இந்தக் கட்டடத்தைக் கட்டினான். சாக்கடைத் தொட்டியைக் கொண்டுபோய் எங்கே வைத்தான் தெரியுமா? ஈசான்ய மூலையில்! கேட்டால், "தெரு சாக்கடை அந்தப் பக்கம்தான் சார் போகுது, தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தானே ஓடும்?" என்றான். தண்ணீருக்கு அறிவில்லை, சரி. இவனுக்குமா இல்லை?

வீடு வாங்க வந்தவர்கள் அந்த மூடியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தாத குறையாகத் திரும்பிப் போனார்கள். நான் செயலாளர். சும்மா இருப்பேனா? முன்பக்கம் முழுக்க பேவர் பிளாக் கல் பதித்தேன். சிவப்பும் சாம்பலுமாகப் பாய் பின்னியது போல இருக்கும். தொட்டி மூடிக்கு மேலேயும் சேர்த்தே பதித்துவிட்டேன். அதன்மேல் ஒரு துளசித் தொட்டி. கோமதி தினமும் விளக்கு வைத்தாள். சாக்கடை இருந்த இடத்தில் சாட்சாத் மகாலட்சுமி. மீதி வீடுகள் எல்லாம் விற்றுப்போயின. ஒருவராவது எனக்கு நன்றி சொன்னார்களா? அதைக் கேட்காதீர்கள்.

பிறகு குழாய் வழியாக கேஸ் கொடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி தெருவுக்குள் வந்தது. சிலிண்டர் தூக்க வேண்டாம், புக் பண்ண வேண்டாம். எல்லோரும் ஆசைப்பட்டார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்: என் பேவர் பிளாக்கில் ஒரு கல் பெயரக்கூடாது. சரி என்றார்கள். தரையைக் கிழிக்காமல் அடியிலேயே துளை போட்டு வருகிற மிஷின் இருக்கிறதாம். ரோட்டில் ஒரு குழி, சுவர் ஓரமாகக் கல் பதிக்காத மண்ணில் ஒரு குழி. நடுவில் மண்ணுக்குள்ளேயே குழாயை இழுத்துவிடுவார்கள், பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரி.

அதற்கு முன்னால் அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் டேப். என் பேத்தி வயசு. வந்ததும் வராததுமாக என்ன கேட்டாள் தெரியுமா?

"சார், உங்க சாக்கடை லைன் எப்படிப் போகுது? சேம்பர் மூடி எங்க இருக்கு?"

கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆனால் சுற்றி மூன்று வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். அதில் ஒருவர் போன மாதம்தான் வாஸ்து பார்த்து வாங்கியவர். அவர் முன்னால், 'துளசிக்கு அடியில் இருக்கிறது அம்மா' என்று சொல்ல முடியுமா? வாயு மூலையைக் காட்டினேன். பொய் இல்லை தம்பி. தொட்டி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கே இருக்க வேண்டுமோ அதைச் சொன்னேன்.

அவள் விடவில்லை. "நிச்சயமாவா சார்? நாங்க அடியில துளை போடறோம், வழியில என்ன இருக்குன்னு மிஷினுக்குத் தெரியாது. எதுக்கும் இந்த மூலையில ரெண்டு கல்லை எடுத்துட்டு ஒரு சின்னக் குழி தோண்டிப் பாத்துடலாமே" என்றாள். துளசிக்குப் பக்கத்தில் கடப்பாரை போட வேண்டுமாம்! "அம்மா, நான் முப்பது வருஷம் கருவூலத்தில் இருந்தவன்" என்றேன். அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்?

மறுநாள் மிஷின் வந்தது, குழாய் வந்தது, கேஸ் வந்தது. ஒரு கல் பெயரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் நிம்மதியாகக் கீழே இறங்கி வந்து பார்க்கிறேன், ஈசான்ய மூலையில், துளசிக்குப் பக்கத்திலேயே, மஞ்சளாக ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். 'எச்சரிக்கை. கீழே எரிவாயுக் குழாய். தோண்டும் முன் அழைக்கவும்' என்று எழுதி ஒரு போன் நம்பர்.

நீர் மூலையில் நெருப்பு! வீடு உருப்படுமா?

முனியாண்டியைக் கூப்பிட்டு அந்தக் கல்லைப் பிடுங்கி, அக்னி மூலையில் நடச் சொன்னேன். எரிவாயு என்று பெயரிலேயே வாயு இருக்கிறதே, வாயு மூலையில் வைக்கலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். நெருப்புக்குத்தான் முதல் மரியாதை என்று முடிவு செய்தேன். இதில் தவறு என்ன? கல்லைத்தானே நகர்த்தினேன், குழாயையா நகர்த்தினேன்?

கோமதி, உள்ளேயிருந்து என்ன சொல்கிறாய்? 'அதையேதான் நானும் அன்னைக்கே சொன்னேன்' என்கிறாள். பார்த்தீர்களா, அவளும் ஒத்துக்கொள்கிறாள்.

இப்போது நிறைமதி கதைக்கு வருகிறேன். நீங்கள் பார்க்க வந்த வீட்டில் இருந்தவள். கணவன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எப்போது வருவான், எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. கைக்குழந்தை ஒன்று. வந்த புதிதிலேயே எனக்கும் அவளுக்கும் சின்ன மனஸ்தாபம். குழந்தையின் துணிகளை முன்பக்க பால்கனியில் காயப்போட்டாள். வீட்டின் முகத்தில் கோவணக் கொடி! "பின்பக்கம் போடும்மா" என்றேன். "பின்பக்கம் வெயில் இல்ல அங்கிள்" என்றாள். அங்கிள்! வெயிலுக்கு நானா பொறுப்பு?

கேஸ் வந்து கொஞ்ச காலம் கழித்து அவள் பாத்ரூமில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பிறகு நின்றது. பிறகு மேலே வர ஆரம்பித்தது. மாடியில் நாங்கள் குளித்தால் கீழே அவள் வீட்டில் நுரை பொங்குகிறது. ஓடி வந்து கதவைத் தட்டுகிறாள்: "அங்கிள், எல்லார் வீட்டுத் தண்ணியும் என் வீட்டுக்குத்தான் வருது!"

நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். டயப்பர்! கைக்குழந்தை உள்ள வீடு. டயப்பரைக் கழிவறையில் போட்டிருப்பாள். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில், பெயர் சொல்லாமல், 'கீழ்த்தளத்தில் குழந்தை வைத்திருக்கும் ஒரே குடும்பத்தின் கவனத்துக்கு' என்று நாகரிகமாக எழுதினேன். அதற்கு அவள் என்ன பதில் போட்டாள் தெரியுமா? தன் பால்கனியை போட்டோ எடுத்துப் போட்டாள். கொடி நிறையத் துணி. அடியில், 'என் குழந்தைக்கு டயப்பரே கிடையாது, இந்தத் துணியைத்தான் நீங்க தினமும் திட்டறீங்க.' எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

இன்னொரு நாள் வந்து, "அங்கிள், கேஸ் வர்ற வரைக்கும் இந்தப் பிரச்சினையே இல்ல. அதுக்கப்புறம்தான் இப்படி ஆகுது" என்றாள். "அம்மா, கேஸ் அடுப்பில் வருகிறது. கழிவறையில் வருவது வேறு கேஸ்" என்றேன். என் நகைச்சுவைக்கும் அவள் சிரிக்கவில்லை. அவ்வளவு அகங்காரம்.

கடைசியில் ஏழுமலை என்று அடைப்பு எடுக்கிறவனைக் கூப்பிட்டேன். அந்தக் காலம் மாதிரி ஆளை உள்ளே இறக்குகிற பாவமெல்லாம் இல்லை. சுருள் கம்பி மிஷின் வைத்திருக்கிறான். நுனியில் பிளேடு மாட்டி ஓட்டினால் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு போகும். "வேரு, துணி, மூட்டை, எதுவா இருந்தாலும் அறுத்துடும் சார்" என்று பெருமையாகச் சொன்னான். எனக்குப் பிடித்துப்போயிற்று. கேள்வி கேட்காமல் வேலை செய்கிற ஆள்.

தொட்டியைத் திறந்தால்தானே மிஷினை விட முடியும்? நல்ல நேரம் பார்த்து, துளசியைக் கும்பிட்டு நகர்த்தி, நான் பதித்த கற்களை நானே பெயர்த்து எடுத்தேன். அந்த வேதனை எனக்குத்தான் தெரியும். வாஸ்து பார்த்து வாங்கியவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மூடியைப் பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னைப் பார்க்கவில்லை.

ஈசான்யத்தைத் திறந்த தோஷம் போக வேண்டுமே. அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு பெரிய திருஷ்டிப் பூசணிக்காய். உச்சியில் சூடம். ஏழுமலை அடைப்பை அறுத்து முடித்த அந்த நிமிஷமே சூடத்தைக் கொளுத்தி, தொட்டி வாயில் மூன்று சுற்றுச் சுற்றி, அங்கேயே உடைப்பதாகத் திட்டம். தீப்பெட்டியோடு தொட்டிப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு விஷயத்தைத் தொட்டால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன்.

ஏழுமலை முதலில் வெறும் கம்பியை விட்டான். கொஞ்ச தூரம் போனது, நின்றது. குத்தினான். திரும்பி வந்தது.

"என்னன்னு தெரியல சார். கல்லு மாதிரியும் இல்ல, வேரு மாதிரியும் இல்ல. ரப்பர்ல குத்துற மாதிரி எகிறுது."

"டயப்பர்" என்றேன்.

"பிளேடைப் போட்டுரவா?"

"போடு."

அவன் பிளேடை மாட்டிக்கொண்டிருக்கும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறைமதி வந்தாள். குனிந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அவள் சமையலறை ஜன்னலை ஒட்டி கேஸ் குழாய் மண்ணிலிருந்து எழுந்து மேலே போகிறதல்லவா, அதைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், கேஸ் குழாய் எந்த வழியா வருது?"

அக்னி மூலையில் நிற்கிற மஞ்சள் கல்லைக் காட்டினேன். "அதோ, எழுதியே வைத்திருக்கிறார்கள்."

"கல்லு அங்க இருக்கு. குழாய் இங்க எந்திரிக்குது. நடுவுல பறந்தா வருது?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் அம்மா."

"முனியாண்டி அண்ணே, அந்தக் கல்லு மொதல்ல எங்க இருந்துச்சு?"

முனியாண்டி வானத்தைப் பார்த்தான். மேகம் எதுவும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். பிறகு ஒன்பது வருஷம் என் கையால் தீபாவளி வேட்டி வாங்கியவன் சொல்கிறான்: "இங்கதாம்மா இருந்துச்சு, துளசிகிட்ட. ஐயா சொல்லித்தான் நான் பிடுங்கினேன்."

அவள் என்ன செய்தாள் தெரியுமா, தம்பி? நேராகப் போனாள். வாட்ச்மேன் கூண்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தாள். தொட்டி மூடியைக் காலால் தள்ளி மூடினாள். அதன்மேல் நாற்காலியைப் போட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். சாக்கடைத் தொட்டி மேல்! நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலிதான். சங்கத்துச் சொத்து. அதற்குப் பிறகு நான்தான் மேலே கொண்டுவந்து பத்திரமாக வைத்திருக்கிறேன். கழுவிவிட்டோம், கவலைப்படாதீர்கள்.

"எந்திரிம்மா, வேலை நடக்கட்டும்" என்றேன்.

"கேஸ்காரங்க வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"நீ வாடகைக்கு இருப்பவள். இது ஓனர்கள் சங்கத்தின் தொட்டி."

"வெடிச்சா ஓனர், வாடகைன்னு பாத்தா வெடிக்கும்?"

நாக்கைப் பார்த்தீர்களா? முனியாண்டியை விட்டு அந்தக் கல்லில் இருக்கும் நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். நான் கேட்க வேண்டுமாம். அந்தப் பக்கம் ஓர் ஆள், விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய்க் கத்துகிறான்.

"மேடம், மிஷினை ஓட்ட விடாதீங்க! சாக்கடைக் குழாயைத் துளைச்சுக்கிட்டு எங்க குழாய் போயிருக்கலாம். பிளேடு பட்டு அறுந்துச்சுன்னா கேஸ் சாக்கடைக்குள்ள நிறைஞ்சுடும். அது வழியா ஒவ்வொரு வீட்டு பாத்ரூமுக்கும் ஏறும். யாராவது ஒரு ஸ்விட்ச் போட்டாலே போதும். பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லியே?"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னை ஏன் பார்க்க வேண்டும்? என் கையில் இருந்தது சூடம். தெய்வ காரியம்.

"அங்கிள், அந்தத் தீப்பெட்டிய மொதல்ல கீழ வைங்க" என்றாள்.

வைத்தேன். குழந்தை பயப்படக்கூடாதே என்றுதான் வைத்தேன். ஏழுமலை, எதுவாக இருந்தாலும் அறுத்துவிடுகிற மாவீரன், மிஷினை அப்படியே போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டான்.

கேஸ்காரர்கள் வந்தார்கள். அந்த ஹெல்மெட் பெண்ணும் வந்தாள். நீளமான வயரின் நுனியில் கேமரா வைத்து உள்ளே விட்டார்கள். அவள் கையில் இருந்த சின்ன டிவியில் எல்லோரும் பார்த்தோம். உண்மைதான். சாக்கடைக் குழாயின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகிறது மஞ்சள் குழாய். மிஷின் போட்ட துளை அப்படி. குறுக்கே கம்பு வைத்த மாதிரி இருந்ததால் வருவதெல்லாம் அதில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. டயப்பர் ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மாட்டியிருந்தது பூ. வாழை நாரில் கட்டிய செவ்வந்தி, துளசி மாலை, சரம் சரமாக.

பூஜை செய்த பூவைக் கால் படும் இடத்தில் போடக்கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும். ஆறா இருக்கிறது இங்கே? அதனால் பாத்ரூமில் விடுகிற பக்திமான் யாரோ இந்தக் கட்டடத்தில் இருக்கிறார். யார் என்று நான் ஆராயவில்லை. பக்தியைக் குறை சொல்லக்கூடாது. கோமதி, எதற்கு இருமுகிறாய்?

அந்த ஹெல்மெட் பெண் என்னைப் பார்த்து, "சார், சேம்பர் அந்தப் பக்கம்னு சொன்னீங்களே?" என்றாள். எல்லோர் முன்னாலும்! கருவூலத்தில் என் மேலதிகாரிகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. "கட்டியவன் தவறான இடத்தில் கட்டினால் அதற்கு நானா பொறுப்பு?" என்றேன்.

பிறகு நடந்ததைச் சொல்லவே மனம் வரவில்லை. என் பேவர் பிளாக்கை மூலையோடு மூலையாகப் பெயர்த்தார்கள். கேஸை நிறுத்தினார்கள். உடைந்த சாக்கடைக் குழாயை மாற்றினார்கள். மஞ்சள் குழாயை வெளியே எடுத்து, தொட்டியைச் சுற்றி ஒரு முழம் தள்ளி, துளசி இருந்த இடத்துக்கு முன்னால் புதைத்தார்கள். அதுவரை யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அத்தனை பேரும் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து என்னைத் திட்டினார்கள். அந்தச் சூட்டோடு சங்கக் கூட்டம் போட்டு, கையைத் தூக்கி, செயலாளரையும் மாற்றிவிட்டார்கள். பூசணிக்காயும் வீணாகியிருக்கும். கேஸ் வந்ததும் கோமதி கூட்டு வைத்துவிட்டாள்.

நிறைமதியும் காலி செய்துவிட்டாள். செய்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்திருக்கும். போகும்போது கோமதியிடம், "ஆன்ட்டி, மறுபடி எங்கயாவது தோண்டற சத்தம் கேட்டா, மொதல்ல அடுப்பை அணைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். விடைபெறுகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? நல்லபடியாக இரு, போய் வருகிறேன் என்று சொல்லத் தெரியாதா?

சரி, பழங்கதை போகட்டும். உங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஈசான்யத்தை மறுபடியும் சரி செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பிளாஸ்டிக் தொட்டி இல்லை. கருங்கல்லில் துளசி மாடம். நல்ல கனம். அதற்கு அஸ்திவாரம் ஆழமாக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஆள் வைத்துத் தோண்டுகிறேன். அந்தச் சத்தம்தான் இது. கடப்பாரை இறங்கவில்லை என்றார்கள். கான்கிரீட் உடைக்கிற மிஷினும் எடுத்து வரச் சொல்லிவிட்டேன். இதோ, ஓட ஆரம்பித்துவிட்டது பாருங்கள். தரையெல்லாம் அதிர்கிறது.

கேஸ் குழாயா? அங்கே எதற்கு வரும்? அந்தக் கேஸ்காரர்கள் மஞ்சள் கல்லைப் பழையபடி ஈசான்யத்தில் நட்டு, சிமென்ட் வேறு பூசியிருந்தார்கள். அத்தனை பிடிவாதம். முனியாண்டியைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். நேற்று, புதிய செயலாளர் ஆபீசுக்குப் போன பிறகு, இந்த வயசில் நானே கடப்பாரை எடுத்தேன். ஜன்னல் வழியாகப் பாருங்கள். கல் இப்போது அக்னி மூலையில்தான் இருக்கிறது. தோண்டுகிற ஆட்கள்கூடக் கேட்டார்கள். அந்தக் கல்லைக் காட்டினேன். திருப்தியாகத் தோண்டுகிறார்கள்.

ஏன் தம்பி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? நம்பரா? எந்த நம்பர்? அந்தக் கல்லில்தான் எழுதியிருக்கிறது. வாடகை பேச என் நம்பர் போதாதா? அட, உட்காருங்கள். எங்கே கிளம்பிவிட்டீர்கள்? சாவி, தம்பி, சாவி! சாவியை விட்டுவிட்டு நாற்காலியை எதற்குத் தூக்குகிறீர்கள்? அது சங்கத்துச் சொத்து! தம்பி, படியில் மெதுவாக! கோமதி, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்தேன், இவரும் அந்தப் பெண் மாதிரியே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சரி, அந்தக் காபியை எனக்காவது கொடு.

அடுப்பை ஏன் அணைத்தாய் கோமதி? அந்த முக்காலியை எடுத்துக்கொண்டு நீ எங்கே கிளம்பிவிட்டாய்?